சீன மொழித் தேர்வு: எந்த நிலை வரை பணம் கட்டலாம்?

வழக்கமாக இந்தப் பகுதிக்கு மிக்ஸி, இன்சூரன்ஸ், ஃபிளாட் பதிவு என்றுதான் கேள்விகள் வரும். இந்த முறை நான்கு பேர் சீன மொழித் தேர்வைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நால்வரின் குழப்பமும் ஒன்றுதான்: ‘லெவல்’ என்று விற்கிறார்களே, அது என்ன? அதனால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். சீனாவில் எம்பிபிஎஸ் படிக்க விசாரிக்கிறோம். ஒரு ஏஜென்ட், “பாடம் முழுக்க ஆங்கிலம், சீன மொழியே தேவையில்லை” என்கிறார். இன்னொருவர், “ஆறு லெவலையும் இங்கேயே முடித்துவிட்டுத்தான் போக வேண்டும், இப்போதே பணம் கட்டுங்கள்” என்கிறார். யாரை நம்புவது? – வாசகர், மதுரை

பதில்: இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். முதல் ஆள் வகுப்பறையை மட்டும் பார்த்துப் பேசுகிறார். பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனால் மருத்துவமனை வார்டில் படுத்திருப்பவர் சீன நோயாளி. “எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து?” என்று அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டு என்ன பயன்? பெய்ஜிங்கில் உள்ள இந்தியத் தூதரகம் 2022 செப்டம்பரில் மருத்துவ மாணவர்களுக்கு வெளியிட்ட அறிவுரையிலேயே இதைச் சொல்லிவிட்டது. நோயாளிகளிடம் பயிற்சி பெற ஹெச்எஸ்கே நான்காம் நிலை தேவை. அதை எட்டாதவர்களுக்குப் பட்டம் கிடைக்காது.

ஹெச்எஸ்கே என்பது ‘ஹான்யு ஷுய்பிங் காவ்ஷி’ என்பதன் சுருக்கம். சீன மொழித் தகுதித் தேர்வு என்று பொருள். 2010இல் வந்த அமைப்பில் ஆறு நிலைகள். முதல் நிலைக்கு 150 சொற்கள், இரண்டாவதுக்கு 300, மூன்றாவதுக்கு 600, நான்காவதுக்கு 1,200. அதற்கு மேல் ஐந்தாவதுக்கு 2,500, ஆறாவதுக்கு 5,000. படி ஏற ஏறச் சுமை ஏறத்தாழ இரட்டிப்பாவதைக் கவனியுங்கள். உங்கள் மகளுக்கு வேண்டியது 1,200 சொற்கள். அதுவும் விமானம் ஏறும் முன் அல்ல, நோயாளி முன் நிற்பதற்குள். ஆறாம் நிலைக்கு இப்போது பணம் கேட்பவர் தேவையில்லாததை விற்கிறார்.

சரி, அந்த அமைப்பில் நான்காம் நிலைத் தேர்வு எப்படி இருக்கும்? கேட்டல் 45 கேள்விகள், வாசித்தல் 40, எழுதுதல் 15. மூன்றுக்கும் தலா 100 மதிப்பெண், மொத்தம் 300, தேர்ச்சிக்கு 180. பிரிவுவாரியாகக் குறைந்தபட்சம் கிடையாது, கூட்டுத்தொகைதான் கணக்கு. அப்படியானால் எழுதும் பகுதியின் 15 கேள்விகள், கேட்கும் பகுதியின் 45 கேள்விகளுக்குச் சமமான எடை! நம் பிள்ளைகள் விட்டுவிட்டுப் போவதும் அந்த 15ஐத்தான். அதில் பத்து, கலைத்துப் போட்ட சொற்களை வரிசைப்படுத்தி வாக்கியமாக்குவது. மீதி ஐந்தில் ஒரு படமும் ஒரு சொல்லும் கொடுப்பார்கள். ஒரு பெண் டேபிள் டென்னிஸ் ஆடுகிற படம், பக்கத்தில் ‘பிங்பாங்ச்சியூ’ என்ற சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். “அவளுக்குப் பிங்பாங் ஆட ரொம்பப் பிடிக்கும்” என்று சீனத்தில் எழுதினால் போதும். பெரிய இலக்கியம் எதுவும் கேட்கவில்லை.

எழுதினால் என்கிறேனே, எப்படி எழுதுவது என்று தேர்ந்தெடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. தாளில் எழுதலாம், கம்ப்யூட்டரிலும் எழுதலாம். கம்ப்யூட்டரில் பின்யின், அதாவது உச்சரிப்பை ரோமன் எழுத்தில் தட்டினால் சீன எழுத்துகள் வரிசையாக வரும். சரியானதைத் தெரிந்தெடுக்க வேண்டும். எழுத்தைப் பார்த்தால் தெரியும், ஆனால் கோடு கோடாக நினைவிலிருந்து வரையத் தெரியாது என்பவர்களுக்கு (பெரும்பாலோர் அப்படித்தான்) இது பெரிய சலுகை. ஆனால் எல்லா மையத்திலும் இரண்டும் இருக்காது. பதிவுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு பள்ளம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது. முதல் இரண்டு நிலைகளில் வினாத்தாளிலேயே சீன எழுத்துக்கு மேல் பின்யின் அச்சாகியிருக்கும். மூன்றாம் நிலையில் அந்த ஊன்றுகோல் போய்விடும். நான்காம் நிலையில் கேட்கும் பகுதி ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். கீழ் நிலைகளில் இரண்டு தரம் ஒலிக்கும். “ரெண்டு லெவல் சுலபமா வந்துட்டா, மீதியும் வந்துடுவா” என்ற கணக்கு அங்கேதான் உடைகிறது.

ஆகவே, ஊரில் இருக்கும்போது இரண்டாம் நிலை வரை படித்தால் நல்ல தொடக்கம். பலர் அதைக்கூட அங்கே போய்த்தான் படிக்கிறார்கள். பல பல்கலைக்கழகங்கள் ஆங்கிலவழி மாணவர்களுக்கும் சீன மொழி வகுப்பைப் பாடத்திட்டத்திலேயே வைத்திருக்கின்றன. உங்கள் மகள் சேரப்போகும் இடத்தில் அந்த வகுப்பு உண்டா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், கட்டணத்துக்குள் அடக்கமா என்று பல்கலைக்கழகத்திடமே மின்னஞ்சலில் கேளுங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தை வேண்டாம்.

கேள்வி: ஆன்லைன் பயிற்சி ஒன்றில் ‘12 மாதத்தில் 6 லெவல், ரூ.72,000, தேர்ச்சி உத்தரவாதம்’ என்று விளம்பரம். லெவலுக்கு ரூ.12,000தான் ஆகிறது. நியாயமான விலைதானே? – வாசகி, கோவை

பதில்: லெவல் கணக்கில் பார்க்காதீர்கள், சொல் கணக்கில் பாருங்கள். முதல் இரண்டு மாதத்தில் 150 சொற்கள், நாளுக்கு இரண்டரை. அதற்கு ரூ.12,000, சொல்லுக்கு 80 ரூபாய். கடைசி இரண்டு மாதத்தில் 2,500 புதுச் சொற்கள். சொல்லுக்கு ஐந்து ரூபாய்கூட ஆகவில்லை, அடேயப்பா, மலிவு! ஆனால் நாளுக்கு 42 சொற்கள் மனதில் நிற்க வேண்டும், ஒரு நாள் காய்ச்சல்கூட வரக் கூடாது. அது நடக்காது. நடக்காது என்பது விற்பவருக்கும் தெரியும். மூன்றாம் நிலையிலேயே பலர் நின்றுவிடுவார்கள். மீதிப் பணம் ஏற்கெனவே அவர் கையில் இருக்கும்.

ஆறாம் நிலையின் கடைசிக் கேள்வியைக் கேட்டால் உங்களுக்கே விளங்கும். சுமார் ஆயிரம் எழுத்துள்ள ஒரு கட்டுரையைக் கொடுப்பார்கள். வாசிக்கப் பத்து நிமிடம், குறிப்பெடுக்கக் கூடாது. பிறகு தாளை வாங்கிவிடுவார்கள். 35 நிமிடத்தில் அதைச் சுமார் 400 எழுத்தில் சுருக்கி எழுத வேண்டும். ஒரு வருடத்தில், வேலைக்கும் போய்க்கொண்டு, இதற்குத் தயாராக முடியுமா?

‘ஆறாம் நிலை என்றால் ஐரோப்பிய அளவுகோலில் சி2, தாய்மொழிக்காரர் மாதிரி’ என்றும் விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அது தேர்வை நடத்தும் தரப்பே முதலில் சொன்ன ஒப்பீடு. ஜெர்மனியின் சீன மொழி ஆசிரியர் சங்கம் அப்போதே மறுத்தது. ஆறாம் நிலை பி2 அளவுக்குத்தான், அதாவது சி2வுக்கு இரண்டு படி கீழேதான் வரும் என்றது. எனக்கும் ஆசிரியர்கள் சொல்வதுதான் நம்பும்படி இருக்கிறது. 5,000 சொற்களை வைத்துக்கொண்டு தாய்மொழிக்காரர் மாதிரி என்று எந்த மொழியிலும் சொல்ல முடியாது.

தேர்ச்சி உத்தரவாதம் என்ற வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் நெறிமுறை வெளியிட்டது. உறுதியான வெற்றி என்று வாக்களிப்பது அதன்படி தவறு. ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று: இரண்டு நிலைக்கு மட்டும் பணம் கட்டுகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொள்ளாத இடத்தில் சேர வேண்டாம். தேர்வுக் கட்டணம் பெரும்பாலும் அந்த 72,000க்குள் வராது, அது தனி. அப்புறம், ஒன்றிலிருந்து வரிசையாக எல்லாத் தேர்வையும் எழுத வேண்டும் என்ற விதியே கிடையாது. படித்துவிட்டு நேராக நான்காம் நிலையை எழுதலாம். ஆறு முறை கட்டணம் கட்ட வைப்பவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

கேள்வி: பழைய புத்தகக் கடையில் வாங்கிய முதல் நிலைப் புத்தகத்தில் 150 சொற்கள். நண்பரிடம் உள்ள முதல் நிலைப் பட்டியலில் 500. ஒன்று போலியா? – வாசகர், திருச்சி

பதில்: இரண்டும் அசல்தான், காலம்தான் வேறு. உங்களுடையது 2010 அமைப்பு. நண்பருடையது 2021இல் சீனக் கல்வி அமைச்சகம் கொண்டுவந்த புதிய தரநிலை. மூன்று கட்டம், ஒன்பது நிலை, மொத்தம் 11,092 சொற்கள். அதில் முதல் நிலைக்கே 500, இரண்டாம் நிலைக்கு 1,272. அதாவது பழைய நான்காம் நிலையும் புதிய இரண்டாம் நிலையும் சொல் கணக்கில் ஏறக்குறைய பக்கத்துப் பக்கத்து வீடு. மேலே உள்ள ஏழு, எட்டு, ஒன்பது மூன்றுக்கும் ஒரே தேர்வு. வாங்கும் மதிப்பெண்ணைப் பொறுத்து நிலை கிடைக்கும். 2022 நவம்பரில்தான் அது முதன்முதலாக நடந்தது.

பட்டியல் 2021இல் வந்தாலும், கீழ் நிலைத் தேர்வுகள் உடனே அதற்கு மாறிவிடவில்லை. பாடத்திட்டமும் அதற்குப் பிறகு திருத்தப்பட்டிருக்கிறது. எனவே புத்தகம் வாங்கும் முன் நீங்கள் எழுதப்போகும் தேதித் தேர்வு எந்த அமைப்பில் நடக்கிறது என்று மையத்தில் கேளுங்கள். பழைய புத்தகம் வீண் இல்லை. அந்த 150 சொற்கள் எந்தப் பட்டியலானாலும் தேவைப்படும் சொற்கள்தாம். ஆனால் முழு விலை கொடுத்துப் பழைய பதிப்பை வாங்காதீர்கள். கடைக்காரர் ‘புது சிலபஸ்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உள்ளே சொல் பட்டியலை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: சீனாவின் யீவூ சந்தையிலிருந்து பொத்தான், ஜிப் இறக்குமதி செய்கிறேன். மொழிபெயர்ப்பாளருக்கே பணம் போகிறது. எந்த லெவல் படித்தால் நானே பேசலாம்? சான்றிதழ் எத்தனை வருடம் செல்லும்? – வாசகர், திருப்பூர்

பதில்: உங்களிடம் யாரும் சான்றிதழ் கேட்கப் போவதில்லை, ஆகவே தேர்வுக் கட்டணத்தை மிச்சம் பிடியுங்கள். சீனப் பல்கலைக்கழகங்கள்தான் கேட்கும். அவை மதிப்பெண்ணை இரண்டு ஆண்டு வரைதான் ஏற்கும்.

படிப்பு விஷயத்துக்கு வருவோம். 2010 பட்டியலில் ‘வாங்கு’ என்ற சொல் முதல் நிலையில் இருக்கிறது. ‘விற்பனை செய்’, ‘விலை அதிகம்’, ‘மலிவு’ மூன்றும் இரண்டாம் நிலையில். ‘தரம்’, ‘விலை’, ‘தள்ளுபடி’ நான்காம் நிலையில். ‘ஒப்பந்தம்’ ஐந்தாம் நிலையில். பட்டியல் போட்டவர் வியாபாரம் தெரிந்தவர் போலும்! கடை வாசலில் பேரம் பேச இரண்டு நிலை போதும். சரக்கின் தரத்தில் தகராறு வந்தால் நான்கு வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாளில் மொழிபெயர்ப்பாளரை விட்டுவிடாதீர்கள், அந்தப் பணம் வீணில்லை.

ஒரு எச்சரிக்கை. சீனத்தில் ‘வாங்கு’ என்பதும் ‘மாய்’, ‘விற்பனை செய்’ என்பதும் ‘மாய்’. முதலாவதில் குரல் தாழ்ந்து எழும்ப வேண்டும், இரண்டாவதில் மேலிருந்து சட்டென்று விழ வேண்டும். இரண்டையும் சேர்த்து ‘மாய்மாய்’ என்றால் வியாபாரம். ஹெச்எஸ்கே எழுத்துத் தேர்வில் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை என்பதால் பல பயிற்சி மையங்கள் இந்தக் குரல் ஏற்ற இறக்கத்தைச் சரியாகச் சொல்லித் தருவதில்லை. பேச்சுக்கு ஹெச்எஸ்கேகே என்று தனித் தேர்வு இருக்கிறது. தொடக்கம், நடு, உயர் என மூன்று நிலை, நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. நீங்கள் தேர்வு எழுதாவிட்டாலும், அதன் தொடக்க நிலைக்குப் பயிற்சி தரும் ஆசிரியரைத் தேடுங்கள். சேரும் முன் இலவச வகுப்பு ஒன்று கேளுங்கள். அதில் அவர் உங்களை எத்தனை நிமிடம் பேச வைக்கிறார் என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஸ்லைடு மட்டும் ஓட்டினால் வேறு ஆள்.

நமக்கு ஒரு வசதியும் உண்டு. மாண்டரினில், அதாவது இந்தத் தேர்வுக்குப் படிக்கும் சீனத்தில், ‘ஆள்’ என்று பொருள்படும் சொல்லின் (பின்யினில் ren) முதல் ஒலி நம் ‘ழ’வுக்கு மிகவும் பக்கம். மற்ற ஊர்க்காரர்கள் நாக்கை மடக்கத் திணறும் இடத்தில், ‘ழ’வைச் சுத்தமாகச் சொல்லும் திருப்பூர்க்காரர் சட்டென்று பிடித்துக்கொள்வார். ‘வாளப்பளம்’ என்று சொல்கிறவராக இருந்தால் கூடுதலாக ஒரு மாதம் ஆகும்.