பூட்டிய வீட்டுக்கு ஓட்டு உண்டா?

கேள்வி: எங்களுக்குப் புகுந்த ஊர் கோனாப்பட்டு. முப்பது வருஷமாகச் சென்னை அண்ணா நகரில் இருக்கிறோம். ஊரில் பங்கு வீடு இருக்கிறது. வீட்டு வரி, கரண்ட் பில், கோயிலுக்குக் குடும்பக் கணக்கில் கட்டும் புள்ளி வரி எதுவும் பாக்கி இல்லை. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் திருவிழாவுக்கும் தவறாமல் போய்விடுவோம். இத்தனை வருஷம் ஊரிலும் எங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்தது, சென்னையிலும் இருந்தது. இப்போது ஊர்ப் பட்டியலில் இல்லை என்று பங்காளி ஒருவர் போன் செய்தார். திரும்பச் சேர்க்க முடியுமா? மகன் சிங்கப்பூரில் வேலையாக இருக்கிறான். பாஸ்போர்ட்டில் கோனாப்பட்டு முகவரிதான். அவனுக்கு ஓட்டு உண்டா? எங்கள் செட்டியாரோ (என் கணவர்), ‘ஓட்டு இல்லையென்றால் நானே எலெக்‌ஷனில் நிற்கிறேன்’ என்கிறார். (வாசகி, வயது 64)

பதில்: ஆச்சி, நீங்கள் கேட்ட மாதிரியே செட்டிநாட்டுப் பக்கம் பலரும் கேட்கிறார்கள். குழப்பம் எங்கே வருகிறதென்றால், நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கணக்கும் தேர்தல் கணக்கும் வேறு வேறு. கல்யாணம் ஆனதும் உங்கள் குடும்பம் கோயிலில் ஒரு புள்ளி. பினாங்கில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும் அந்தப் புள்ளி அழியாது. ஒன்பது நகரக் கோயில்களில் உங்களுக்குரிய கோயில் உங்களை விடாது. ஓட்டுக் கணக்கில் பூர்வீகம் என்ற பத்தியே கிடையாது. தலையணை எங்கே இருக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி.

1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஒரு தொகுதியில் ‘சாதாரணமாக வசிப்பவர்’ அந்தத் தொகுதியின் வாக்காளர் ஆகலாம் என்கிறது. அடுத்த பிரிவைப் படித்தால், செட்டிநாட்டை மனத்தில் வைத்தே எழுதினார்களோ என்று தோன்றும்: ஓர் இடத்தில் வீடு சொந்தமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை அங்கே வசிப்பவராகக் கருதக் கூடாது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று தெரு விட்டுத் தெரு நீளும் வீடாக இருந்தாலும் இதுதான் சட்டம். அந்த வீட்டில் குடியிருந்து காவல் பார்ப்பவருக்கு ஓட்டு உண்டு, வீட்டுக்காரருக்கு இல்லை. கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனாலும் இது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். ரேஷன் கடை திறக்கவில்லை, பஸ் வரவில்லை என்றால் கஷ்டப்படுவது அங்கே இருப்பவர்தானே.

பெயர் போனதற்குக் காரணமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் வீடு வீடாகப் படிவம் கொண்டுபோனார்கள். பூட்டிய வீட்டில் யார் கையெழுத்துப் போடுவது? ஊரில் இல்லாதவர், இடம் மாறியவர், இறந்தவர், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர் என்று பிரித்துப் பெயர்களை எடுத்தார்கள். நீங்கள் சென்னையில் படிவம் கொடுத்திருந்தால் ஊரில் பெயர் போனது சரியான நடவடிக்கைதான்.

இரண்டு இடத்திலும் பெயர் இருந்தது என்று நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். அதுவே தவறு, ஆச்சி. ஒருவர் ஒரு தொகுதியில்தான் வாக்காளராக இருக்கலாம். சட்டத்தின் 17ஆம் பிரிவு அது. ஒரே பொதுத்தேர்தலில் இரண்டு தொகுதியில் ஓட்டுப் போட்டால் இரண்டு ஓட்டுமே செல்லாது. புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6-இல், வேறெங்கும் என் பெயர் இல்லை என்று உறுதிமொழி தர வேண்டும். தெரிந்தே பொய்யாகத் தந்தால் 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆகவே யாராவது ‘புதுசா ஒரு ஆறாம் நம்பர் படிவம் போட்டுடலாம் ஆச்சி’ என்று யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

நிஜமாகவே ஊரோடு வந்துவிடுவதாக இருந்தால் விஷயம் வேறு. அப்போது வேண்டியது படிவம் 8. ஒரு தொகுதியிலிருந்து இன்னொரு தொகுதிக்கு மாறுவதற்கும் இதே படிவம்தான்; கோனாப்பட்டில் பெயர் ஏறும்போது அண்ணா நகரில் எடுத்துவிடுவார்கள். முகவரிக்கு ஆதார், வங்கிப் பாஸ்புக், ஓராண்டு கரண்ட் பில், பதிவுசெய்த கிரயப் பத்திரம் போன்றவற்றில் ஒன்று போதும். பத்திரத்தை வாங்கிக்கொள்கிறார்களே, அப்படியென்றால் சொந்த வீடு போதாதா என்று கேட்பீர்கள். பத்திரம் முகவரிக்குச் சான்று, அவ்வளவுதான். நீங்கள் அங்கே இருக்கிறீர்களா என்று அலுவலர் நேரில் வந்து பார்ப்பார். வரும் நாளில் அடுப்பு எரிய வேண்டும்.

வருஷத்தில் எத்தனை நாள் இருந்தால் ‘வசிப்பவர்’ என்பதற்குச் சட்டத்தில் எண்ணிக்கை இல்லை. ஊரில் குடியிருப்பவர் பேரன் பிறப்புக்காக ஆறு மாதம் வெளியூர் போனால் ஓட்டு போய்விடாது. தற்காலிகமாக விலகியிருப்பதைச் சட்டம் ஏற்கிறது. சென்னையில் குடியிருந்துகொண்டு திருவிழாவுக்கு மட்டும் ஊருக்குப் போவது அதன் தலைகீழ். முடிவு வாக்காளர் பதிவு அலுவலர் கையில். அவர் மறுத்தால் 15 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு. அங்கும் மறுத்தால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் யாரும் கை வைக்க முடியாது, அதனால் தேர்தல் தேதி அறிவிக்கும்வரை காத்திருக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

இனி உங்கள் மகன். இங்கேதான் வேடிக்கை. சென்னையில் இருக்கும் உங்களுக்கு இல்லாத கோனாப்பட்டு ஓட்டு, சிங்கப்பூரில் இருக்கும் அவருக்குக் கிடைக்கும். 2010இல் கொண்டுவந்த திருத்தம் (20ஏ பிரிவு) வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கு வசிப்பிட நிபந்தனையைத் தளர்த்தியது. பாஸ்போர்ட்டில் எந்த இந்திய முகவரி இருக்கிறதோ அந்தத் தொகுதியில், படிவம் 6ஏ மூலம் சேரலாம். பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கியிருந்தால் பரவாயில்லை, சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால் முடியாது, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டையும் உதவாது. வாக்காளர் அட்டை தரமாட்டார்கள். ஓட்டுப் போட அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வர வேண்டும். விமான டிக்கெட் போட்டு வருகிறாரா என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மனு தவறான இடத்துக்குப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். செட்டிநாடு ஒரே தொகுதி அல்ல. கோனாப்பட்டு புதுக்கோட்டை மாவட்டம்; சட்டமன்றத்துக்குத் திருமயம் தொகுதி; நாடாளுமன்றத்துக்கோ சிவகங்கை. 2008 மறுவரையறையில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியே இல்லாமல் போனதால் வந்த நிலை இது. ஆக, கலெக்டர் புதுக்கோட்டையில், எம்.பி. சிவகங்கைக்கு. காரைக்குடி, திருப்பத்தூர் தொகுதிகளும் அதே சிவகங்கை மக்களவைத் தொகுதிக்குள்தான் வருகின்றன. இணையத்தில் திருப்பத்தூர் என்று தேடும்போதும் கவனம். வடக்கே இன்னொரு திருப்பத்தூர் தொகுதி இருக்கிறது. நம்முடையது 185ஆம் எண், அது 50.

ஊருணி தூர்வார வேண்டும், தெருவிளக்கு வேண்டும் என்று எம்.எல்.ஏ.விடம் மனுக் கொடுக்க அந்தத் தொகுதி வாக்காளராக இருக்க வேண்டியதில்லை. வேலை நடக்கும் இடம் தொகுதிக்குள் இருந்தால் சரி. தொகுதியின் எல்லை போடுவதே மக்கள்தொகைக் கணக்கை வைத்துத்தான், வாக்காளர் எண்ணிக்கையை வைத்து அல்ல. இப்போதைய எல்லைகளுக்கு அடிப்படை 2001 கணக்கெடுப்பு. அதிலும் பூட்டிய வீட்டுக்குத் தலை கிடையாது என்பது வேறு விஷயம்.

கடைசியாக, செட்டியாரின் கோபம். அவர் விளையாட்டாகச் சொல்லியிருப்பார், ஆனால் தாராளமாக நிற்கலாம்! சட்டமன்றத் தேர்தலுக்கு 25 வயது நிரம்பி, தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். அண்ணா நகர் வாக்காளர் திருமயத்தில் தனக்கே ஓட்டுப் போட முடியாது, நின்று ஜெயிக்க முடியும். சுயேச்சை என்றால் முன்மொழியப் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேரும் திருமயம் வாக்காளர்களாக இருக்க வேண்டும், அதனால் அண்ணா நகர் நண்பர்கள் உதவ முடியாது. பொதுத் தொகுதிக்கு டெபாசிட் 10,000 ரூபாய். பதிவான செல்லுபடி ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் தோற்றாலும் பணம் திரும்பும். வேட்புமனுவோடு அண்ணா நகர்ப் பட்டியலில் தன் பெயர் உள்ள பக்கத்தின் சான்றிட்ட நகலையும் வைக்க வேண்டும். அதனால் முதல் வேலையாக அந்தப் பட்டியலில் உங்கள் இருவர் பெயரும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், ஆச்சி. ஊரிலும் இல்லை, அங்கும் இல்லை என்றால் அவர் நிற்கவும் முடியாது.