வீட்டுக்குள் சைக்கிள் மிதிக்கும்போது வாட்ச் இதயத் துடிப்பைக் குறைத்துக் காட்டுவது ஏன்?

மூச்சு முட்ட மிதித்தும் வாட்ச் 95-ஐத் தாண்டவில்லை, இதயத்தில் ஏதும் கோளாறா என்று பயந்து கேட்டிருக்கிறீர்கள். முதலில் வாட்சைச் சந்தேகப்படுங்கள். நான் டாக்டர் கிடையாது, பட்டதைச் சொல்கிறேன், யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

எனக்குச் செங்கோட்டை. ஜூன் பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கிவிடும். மழை விட்ட நேரத்தில் புளியரைப் பக்கம் போகலாம் என்றால் கேரளாவுக்குக் கல்லும் எம் சாண்டும் ஏற்றிப் போகிற லாரிகள். அந்த வளைவுகளில் சைக்கிள்காரன் ஒதுங்கக்கூட இடமிருக்காது. பாதி லாரிகளில் தார்ப்பாய் கிடையாது, தூசி நேராகக் கண்ணுக்குத்தான். இங்கே பாறையை உடைத்து அங்கே வீடு கட்டுகிறார்கள், நாம் ஓரமாக நின்று இருமிக்கொண்டிருக்க வேண்டும். சரி, அதை விடுங்கள். அதனால்தான் சைக்கிளை ட்ரெய்னரில், அதாவது மிதித்தாலும் சைக்கிள் நகராமல் பிடித்துக்கொள்கிற ஸ்டாண்டில், மாட்டி வீட்டுக்குள்ளேயே மிதிக்க ஆரம்பித்தேன்.

ஒரு நாள் நல்ல கனம் வைத்து மிதிக்கிறேன். ஒரு வாக்கியம் முழுசாகப் பேச வரவில்லை. வாட்ச் 88 என்கிறது. உடனே நிறுத்திக் கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணினேன். 38 வந்தது, நான்கால் பெருக்கினால் 152. வாங்கிய கடைக்குக் கொண்டுபோனேன். தென்காசியில்தான், பெயர் வேண்டாம். அங்கிருந்த தம்பி என் கையைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் கறுப்பு, அதான் லைட் எடுக்க மாட்டேங்குது" என்றான், நாலு பேர் முன்னால். தோலில் உள்ள மெலனின் பச்சை ஒளியை உறிஞ்சும் என்பது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அதே வாட்ச் கழுத்து நாடியோடு ஒத்துப்போகிறதே! உட்கார்ந்தால் சிவப்பு, மிதித்தால் கறுப்பா நான்?

வாட்சுக்கு அடியில் எரிகிற பச்சை விளக்கு, ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைவதைத் திரும்பி வரும் ஒளியை வைத்துக் கணிக்கிறது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை மடக்கினால் அங்கே ரத்த ஓட்டம் குறையும், தசைநாண் புடைத்து வாட்ச் தோலைவிட்டு எழும்பும், இடையில் வெளிச்சம் புகும். வீட்டுக்குள் எதிர்காற்று இல்லாததால் வியர்வையில் அது வழுக்கவும் செய்யும். எழுந்து நின்று உடம்பை ஆட்டி மிதித்தால் அந்த ஆட்டத்தையே துடிப்பென்று எண்ணிக்கொள்வதும் உண்டு. நான் வழக்கமாக நிமிடத்துக்கு 90 சுற்றையொட்டி மிதிப்பவன், அந்த 88 எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி இறுக்கிக் கட்டினால் ஓரளவு தேறும். இதயத் துடிப்பைப் பார்த்துத்தான் பயிற்சி செய்வீர்கள் என்றால் நெஞ்சில் கட்டுகிற ஸ்ட்ராப் வாங்கிவிடுங்கள். அது ஒளியை நம்பாமல் இதயத்தின் மின்துடிப்பையே எடுக்கிறது, கட்டுமுன் பட்டையைத் தண்ணீரில் நனைக்க வேண்டும், அவ்வளவுதான். நான் ஸ்ட்ராப் வியாபாரி இல்லை. அப்புறம், மின்விசிறியை முகத்துக்கு நேரே வையுங்கள். புழுக்கத்தில் அதே உழைப்புக்குத் துடிப்பு நிஜமாகவே ஏறும், அதற்கு வாட்சைத் திட்ட முடியாது.

இன்னொன்று. பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எவ்வளவு மிதித்தாலும் துடிப்பு அவ்வளவாக ஏறாது. நீங்கள் அந்த ரகம் என்றால், அல்லது மிதிக்கும்போது நெஞ்சுவலி, தலைசுற்றல் இருந்தால், என் பதிலை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள்.