முயலுக்குக் கண்ணி வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் பெங்களூரு மர்ஃபி டவுனில் இருக்கிறோம். மாமனாருக்குத் தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு ஏக்கர் புன்செய் இருக்கிறது, அவரும் அத்தையும் அங்கேயே இருக்கிறார்கள். சனி, ஞாயிறு போகும்போது கிணற்றடியில் கீரை, பீன்ஸ், அவரை, தக்காளி போட்டு வைத்தேன். முளைத்து வந்த பீன்சும் அவரையும் ராத்திரியோடு ராத்திரியாகக் காலியாகிவிடுகின்றன. முயல்தான் என்கிறார் மாமனார். அந்தக் காலத்தில் பேர் வாங்கிய வேட்டைக்காரர். இப்போது பிரேக் ஒயரில் கண்ணி கட்டிவிட்டு, "பயிரும் தப்பும், கறியும் ஆச்சு" என்கிறார். என் கணவர் தன் பங்குக்கு ஒரு ஏர்கன் வாங்கி வந்திருக்கிறார். 13 வயது மகன் தாத்தா பின்னாலேயே சுற்றுகிறான். அமெரிக்காவில் வீட்டுத் தோட்டமும் போட்டு, முயலும் அடித்துச் சாப்பிடுவதை யூடியூபில் காட்டுகிறார்களே, நம் நிலத்தில் நாம் செய்தால் தப்பா? எனக்கு மனசு ஒப்பவில்லை. மாமனாரிடம் எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை. அப்புறம், தக்காளி இலையெல்லாம் சுருண்டு போகிறது, அதுவும் முயல் வேலையா?
– ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: இதை மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் மாமாவுக்கு ஒரு போன் போட்டுக் கண்ணியை அவிழ்க்கச் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், உங்கள் நிலம் இருக்கும் இடம் அப்படி. தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வட்டாரம் முழுக்கக் காடு ஒட்டிய ஊர்கள். ஒரு பக்கம் பன்னேர்கட்டா, இன்னொரு பக்கம் காவேரி வடக்கு வன உயிரின சரணாலயம். ராகி முற்றும் காலத்தில் யானை வரும், சிறுத்தை எப்போது வேண்டுமானாலும் வரும். பிரேக் ஒயர் கண்ணிக்கு ஆள் பார்க்கத் தெரியாது. முயலுக்கு வைத்ததில் பக்கத்துத் தோட்டத்து ஆட்டுக்குட்டி மாட்டும், நாய் மாட்டும், என்றைக்காவது ஒரு சிறுத்தையின் கால் மாட்டினால் "சார், இது முயலுக்கு வெச்சது" என்று ரேஞ்சரிடம் நின்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

சரி, சிறுத்தையே வராது, முயல் மட்டும்தான் மாட்டும் என்று வைத்துக்கொள்வோம். அதுவும் குற்றம்தான். 1972-ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு வேட்டையைத் தடுக்கிறது. காட்டுக்குள் இருந்தால் ஒன்று, பட்டா நிலத்தில் இருந்தால் வேறு என்ற பேச்சே அதில் இல்லை. வேட்டை என்றால் கொல்வது மட்டும் என்றும் நினைக்காதீர்கள். கண்ணி வைப்பது, வலை கட்டுவது, இரை வைத்து இழுப்பது, விரட்டிப் பிடிப்பது, விஷம் வைப்பது, இதற்கெல்லாம் முயற்சி செய்வதுகூட அந்தச் சொல்லுக்குள் வருகிறது. அதாவது உங்கள் மாமாவின் கண்ணியில் இதுவரை ஒன்றுமே விழவில்லை என்றாலும் வழக்கு வழக்குதான்.

அந்தச் சட்டம் விலங்குகளைப் பட்டியல் பட்டியலாகப் பிரித்திருக்கிறது. ஊரில் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள், "முயல், கௌதாரி, காடையெல்லாம் சின்னப் பட்டியல்தானே, ஏதாவது அபராதம் கட்டினால் போச்சு" என்று. அது பழைய கதை. முன்பு இவை நான்காவது பட்டியலில் இருந்தது உண்மைதான். 2022-இல் சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது முயல் இரண்டாவது பட்டியலில் இருக்கிறது. தண்டனை 3 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மயில், உடும்பு என்று முதல் பட்டியலில் கை வைத்தால் குறைந்தபட்சமே 3 வருடம். அதோடு, குற்றத்துக்குப் பயன்பட்டதாகப் பிடிபடும் ஆயுதம், பொறி, வண்டி எல்லாம் அரசாங்கச் சொத்து. மர்ஃபி டவுனிலிருந்து ஓட்டிப் போகிற உங்கள் கார் டிக்கியில் ஒரு முயல் கறிப் பொட்டலம் இருந்தால் அந்தக் காரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரரின் ஏர்கன் விஷயமும் இதேதான். சுடும் சக்தி 20 ஜூலுக்கு மேல் போகாத, குழல் விட்டம் .177 அங்குலம் உள்ள ஏர்கன் வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டியதில்லை, கடைக்காரர் அதைச் சொல்லித்தான் விற்றிருப்பார். வைத்துக்கொள்ளத்தான் அந்தச் சலுகை, முயலைச் சுடுவதற்கு அல்ல. தகர டப்பாவை வரிசையாக நிறுத்திச் சுட்டுப் பழகட்டும். பையன் கையில் தனியாகக் கொடுக்க வேண்டாம், கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

அமெரிக்கா வீடியோவைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கே சின்ன விலங்கு வேட்டைக்கு லைசென்ஸ் உண்டு, சீசன் உண்டு, ஒரு நாளைக்கு இத்தனைதான் என்ற கணக்கும் உண்டு. துப்பாக்கி, தோட்டா மீது வரி போட்டு அந்தப் பணத்தை மாநிலங்களின் வன உயிரின வேலைக்குக் கொடுக்கும் சட்டமே 1937-இலிருந்து இருக்கிறது. வேட்டைக்காரர் கொடுக்கும் காசில் அந்த ஏற்பாடு ஓடுகிறது. நம் ஊரிலும் ஒரு காலத்தில் ஷிகார் லைசென்ஸ் இருந்தது, 1991-இல் சட்டத்தைத் திருத்தி அந்தக் கதவைச் சாத்திவிட்டோம். அது சரியா தவறா என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசலாம், எனக்கும் அதில் ஒன்றிரண்டு கருத்து உண்டு. அதற்காக அவர்கள் வீடியோவைப் பார்த்து இங்கே கண்ணி கட்ட முடியாது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது சட்டம்கூட இல்லை. முயலைப் பிடிப்பதால் உங்கள் பீன்ஸ் பிழைக்கப் போவதில்லை. ஒன்று போனால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். இளந்தளிர் இருக்கும்வரை வந்துகொண்டே இருக்கும். தோட்டத்துக்கு வேண்டியது காவல். வேட்டைக்குப் போன வம்சம் என்று மாமா பெருமைப்பட்டால், தினைப்புனத்தில் பரண் கட்டிக் கிளி விரட்டியதும் அதே வம்சம்தான் என்று சொல்லுங்கள். வள்ளி ஆலோலம் பாடியது காவல் வேலையில்தானே, முருகனே அங்கேதான் வந்து நின்றார்!

முதலில் திருடன் முயல்தானா என்று உறுதி செய்யுங்கள். இதை மாமாவிடமே கேளுங்கள், அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? காலையில் வெயில் ஏறும் முன் போய் வெட்டுப்பட்ட தண்டைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். முயல் கடித்த தண்டு சாணை பிடித்த கத்தியால் சாய்வாகச் சீவியது மாதிரி சுத்தமாக இருக்கும். ஆடு கடித்தால் பிய்த்து இழுத்த நார் தொங்கும். எலி கொறித்தால் ஓரமெல்லாம் கரடுமுரடு. மயில் என்றால் இலை கிழிந்து, மண் கிளறிக் கிடக்கும். நத்தை போன இடத்தில் பளபளவென்று ஒரு கோடு காய்ந்திருக்கும். பக்கத்தில் கொஞ்சம் தள்ளி, உருண்டையாக, லேசாகத் தட்டையான காய்ந்த புழுக்கை கிடந்தால் ஆள் முயல்தான்.

முயல் என்று தெரிந்துவிட்டால் சந்தோஷப்படுங்கள், தோட்டத்துக்கு வருகிற திருடர்களில் தடுப்பதற்கு எளிதானது இதுதான். காட்டுப்பன்றி மாதிரி முட்டித் தள்ளாது, குரங்கு மாதிரி ஏறாது. நம் ஊர்க் காட்டு முயல் வளை தோண்டி வாழ்கிற ஜாதியும் இல்லை, பகலில் புல் புதருக்குள் ஒரு சின்னப் பள்ளத்தில் படுத்துக்கிடந்துவிட்டு இருட்டிய பிறகு மேய வரும். அதனால் ஓசூரில் ஹார்டுவேர் கடையில் கோழி வலை என்று கேட்டு, ஒரு அங்குலக் கண் உள்ளதாக, 3 அடி உயரத்தில் வாங்குங்கள். ஒரு ஏக்கருக்கும் அடைக்க வேண்டாம். கிணற்றடியில் ஒரு சென்ட் போதும், 20 அடிக்கு 22 அடி, சுற்றளவு 84 அடிதான் வருகிறது. வலையின் அடிப்பக்கம் அரை அடியை வெளிப்புறமாக மடித்துத் தரையோடு பரப்பி மேலே கல்லும் மண்ணும் போட்டுவிடுங்கள். முயல் வேலி ஓரத்தில் வந்துதான் நுழைய இடம் பார்க்கும், காலுக்குக் கீழேயும் கம்பி இருந்தால் தோண்ட வழி இல்லை. நிற்கிற உயரம் இரண்டரை அடி இருந்தால் போதும். வாசலுக்கு ஒரு தட்டி, அடியில் இரண்டு விரல் இடைவெளிகூட விடாமல். எல்லாரும் வேலியைப் பிரமாதமாகப் போட்டுவிட்டு வாசலில்தான் கோட்டை விடுகிறார்கள்.

காசு செலவழிக்க மனம் இல்லையா, இலந்தை முள் வெட்டிப் போட்டு இந்த வருடத்தை ஓட்டலாம், மழைக்காலத்தில் அதன் ஓரமாகவே கிளுவைப் போத்து, அதாவது வெட்டிய கிளைத் துண்டு, நட்டு வைத்தால் நாளைக்கு அதுவே உயிர்வேலி ஆகிவிடும். பழைய சேலை கட்டுவது, சலூன் முடி தூவுவது எல்லாம் கொஞ்ச நாள் வேலை செய்யும், பழகிப்போனால் முயல் சேலைக்கு அடியிலேயே உட்கார்ந்து மேயும். கரன்ட் ஒயர் மட்டும் யார் சொன்னாலும் இழுக்காதீர்கள். மெயின் லைனில் கொக்கி போட்ட வேலியில் யானையும் செத்திருக்கிறது, தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்களும் செத்திருக்கிறார்கள். காவலுக்கு நாயைக் கொண்டுபோய் வேலியோரம் கட்டுவதும் வேண்டாம், சிறுத்தையைச் சாப்பிடக் கூப்பிடுகிற வேலை அது.

இன்னொன்று, அவரையும் பீன்சும் வளர்ந்த பிறகு முயலால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. முளை விட்டதிலிருந்து ஐந்தாறு வாரம்தான் ஆபத்து. கொடி ஏறி இரண்டடி தாண்டிவிட்டால் அடி இலை நாலு போனாலும் அது காய்த்துக்கொள்ளும். அதனால் வேலி போடும்வரை, குழிக்குக் குழி பழைய பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே ஒரு கல் வையுங்கள். அத்தை வீட்டில் கோழிக்கு வைத்திருந்தது கட்டாயம் இரண்டாவது கிடக்கும். பெங்களூரிலிருந்து கொண்டுபோவதானால் ஓட்டை விழுந்த 20 லிட்டர் தண்ணீர் கேனை அடிப்பக்கம் அறுத்து, மூடியைத் திறந்து விட்டுக் கவிழ்த்தால் சரியாக ஒரு நாற்றுக்கு ஆகும். வெயில் நாளில் மட்டும் காலையில் எடுத்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் செடி உள்ளேயே வெந்துவிடும். ஆடியில் போட்ட நாட்டு அவரை போச்சே என்று வருத்தப்படவும் வேண்டாம். அது பகல் குறைகிற காலம் பார்த்துத்தான் பூக்கும், கொஞ்சம் பிந்திப் போட்டாலும் பனிக்காலத்தில் காய் வரும். வேலிக்கு வெளியே ஏதாவது வேண்டுமென்றால் சேனை, சேப்பங்கிழங்கு, மஞ்சள், மிளகாய் வையுங்கள், முயல் அதிகம் சீண்டாது. வாரம் ஒருமுறை வந்து போகிறவருக்கும் அவைதான் சரி. தரையில் ராகித்தாளை நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்டால் நடுவில் அத்தைக்குத் தண்ணீர் வேலையும் குறையும்.

இனி மாமா. இதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். "மாமா, இது சட்டப்படி குற்றம்" என்று ஆரம்பித்தால் அவர் காலத்தில் எத்தனை முயல் அடித்தார் என்ற கதைதான் பதிலாக வரும். அவரை ஆளாக மதித்து வேலை கொடுங்கள். முயல் எந்த வழியில் வருகிறது, எந்தப் புதரில் படுக்கிறது, வேலியில் எந்த மூலை பலவீனம், இதெல்லாம் அவர் பார்வைக்கு ஒரு நிமிஷ வேலை. வேலி போட இடம் குறிக்கிறவர் அவராக இருக்கட்டும். கேஸ் பயத்தை உங்கள் வாயால் சொல்லாதீர்கள், வீட்டுக்காரர் சொல்லட்டும், அதுவும் "பையன் கூட வர்றானேப்பா, அவன் பேரும் சேர்ந்து வந்துட்டா?" என்று ஒரு வார்த்தை போதும். பேரன் பெயர் வந்தால் தாத்தா இறங்கி வருவார்.

பையனைத் தாத்தாவிடமிருந்து பிரிக்காதீர்கள், தயவு செய்து. அந்த மனிதரிடம் இருப்பது பள்ளிக்கூடத்தில் கிடைக்காத படிப்பு. ஈர மண்ணில் முயல் தடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெரிய பின்னங்கால் இரண்டும் முன்னாலும், சின்ன முன்னங்கால் இரண்டும் பின்னாலும் பதிந்திருக்கும். குதித்து ஓடும்போது பின்னங்கால் தாண்டி வந்து முன்னே விழுவதால் அப்படி. தெரியாதவர் பார்த்தால் முயல் வந்த திசையைத்தான் போன திசை என்று சொல்வார். பையன் அதையெல்லாம் போனில் படம் எடுத்துச் சேர்க்கட்டும். கண்ணிக்குப் பதில் இது போதுமா என்று கேட்டால், 13 வயதுக்கு இது போதும் என்றே நினைக்கிறேன்.

கறி ஆசைக்கு வழி இருக்கிறது. பண்ணைகளில் வளர்க்கும் நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா எல்லாம் காட்டு முயல் இனமே இல்லை, கொடைக்கானல் மேலே மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமே முயல் வளர்க்கிறது. ஜப்பானியக் காடை ஐந்தாறு வாரத்தில் கறிக்கு ஆகிவிடும். வேலிக்குள் தப்பிய கீரைத்தண்டும் முட்டைக்கோஸ் இலையும் முயல் கூண்டுக்குப் போகும், அதன் புழுக்கை மக்கித் திரும்பத் தோட்டத்துக்கு வரும். ஒரே எச்சரிக்கை, உங்கள் மகன் குட்டிக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அதை யாரும் குழம்பு வைக்க முடியாது.

தக்காளி இலை சுருள்வதற்கு முயல்மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் வெள்ளை ஈ பரப்பும் வைரஸ்தான் அது. இலை சின்னதாகி, மேல்நோக்கிச் சுருண்டு, செடி வளராமல் நின்றுவிட்டால் பிடுங்கி எரித்துவிடுங்கள், மருந்து அடித்துத் திருப்ப முடியாது. அடுத்த முறை ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்‌ஷக் விதை வாங்கிப் போடுங்கள், இலைச்சுருள், வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்குகிற ரகம். வீரிய ஒட்டு என்பதால் பழத்திலிருந்து விதை எடுத்து வைக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். நாற்று ஒரு சாண் வளரும்வரை வெள்ளை ஈ நுழைய முடியாத அளவு நெருக்கமாகப் பின்னிய நைலான் வலையால் மூடி வைத்தால் வெள்ளை ஈ கிட்ட வராது.