ரேடியேஷன் முழுவதும் கொடுத்தும் சில புற்றுநோய்க் கட்டிகள் ஏன் கரைவதில்லை?

"அப்பா 35 நாளும் தவறாமல் போனார், அப்படியும் கட்டி போகவில்லை, எங்கே தப்பு செய்தோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

என் அம்மாவுக்குக் குரல்வளையில் வந்தது. தினம் 2 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு), 35 தடவை, மொத்தம் 70 கிரே. கழுத்துத் தோல் கருகி, எச்சில் வற்றி, தண்ணீர் விழுங்கவே அழுதார். மூன்று மாதம் கழித்து எடுத்த பெட் ஸ்கேனில் கட்டியின் நடுப்பகுதி மட்டும் மிச்சம் இருந்தது. "நான் ஒழுங்கா சாப்பிடலை, அதான்" என்றார் அம்மா. அதை என்னால் தாங்கவே முடியவில்லை.

சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கதிர் செல்லின் டிஎன்ஏவை உடைக்கிறது. அந்த உடைசல் மறுபடி ஒட்டாமல் நிலைக்க ஆக்ஸிஜன் வேண்டும். கட்டி வளரும் வேகத்துக்கு ரத்தக்குழாய்கள் வளர்வதில்லை. குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளிப்போனாலே ஆக்ஸிஜன் எட்டாது. அங்கே திணறிக்கொண்டு கிடக்கும் செல்லைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை கதிர் தேவை. அவ்வளவு கொடுத்தால் சுற்றியுள்ள நல்ல திசு பிழைக்காது. 1950களிலேயே இதைக் காட்டியவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் இயற்பியலாளர் லூயி ஹெரால்ட் கிரே. அம்மாவின் ஃபைலில் 70 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது அவர் பெயர்தான். கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய் மாதிரி சில வகைகள் டிஎன்ஏ உடைசலைத் தாங்களே வேகமாகச் சரிசெய்துகொள்ளும், அது வேறு கதை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஐந்தாவது வாரத்தில் மெஷின் பழுதாகி நான்கு நாள் சிகிச்சை நின்றது. "பரவாயில்லை, கடைசியில் சேர்த்துக்கலாம்" என்றார்கள். தலை, கழுத்துப் புற்றுநோயில் நான்கு வாரத்துக்குப் பிறகு மிஞ்சிய செல்கள் வேகமாகப் பெருகும் என்று அப்புறம்தான் படித்தேன். ஆறு மணி நேரமாவது இடைவெளி விட்டு ஒரே நாளில் இரண்டு தடவை கொடுத்து அதை ஈடுகட்டலாமாம். நான் டாக்டர் இல்லை. அதனால்தான் கட்டி மிஞ்சியது என்றும் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வரவேண்டாம். ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அப்பாவுக்கு ஸ்கேன் எப்போது எடுத்தீர்கள்? 12 வாரத்துக்கு முன்பே என்றால் வீக்கம்கூடக் கட்டி மாதிரித் தெரியலாம், மறுபடி எடுக்கவேண்டுமா என்று கேளுங்கள். உண்மையிலேயே மிச்சம் இருந்தால் அறுவை சிகிச்சை முடியுமா என்று கேளுங்கள். அம்மாவுக்குக் குரல்வளையையே எடுத்தார்கள். இப்போது எழுதிக் காட்டித்தான் பேசுகிறார், ஆனால் நன்றாக இருக்கிறார்.