ஆசிரியர் பதில்: வேலூரும் வெளிநாட்டுத் தோழியரும்

கேள்வி: எங்கள் வேலூரில் வசதியான வீட்டுப் பெண்கள் சிலர் ‘உலக நட்பு’ என்று ஒரு சங்கம் நடத்துகிறார்கள். வெளிநாட்டு மாணவிகளை அழைத்துச் சேலை கட்டிவிடுகிறார்கள், கோலம் போடச் சொல்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். இது பொழுதுபோக்குதானே? ஊருக்கு இதனால் என்ன நன்மை?
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: ஆண்கள் மன்றங்களில் கூடிச் சீட்டாடுவதைப் பற்றி இப்படி ஒரு கேள்வி இந்தப் பக்கத்துக்கு வந்ததாக நினைவில்லை. அது கிடக்கட்டும். நீங்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்கு உங்கள் ஊரே மறுப்பாக நிற்கிறது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடரின் கதை வேலூர்க்காரர்களுக்குப் புதிதன்று. ராணிப்பேட்டையில் பிறந்ததும், ஒரே இரவில் பிரசவத்தில் இறந்து அவரை மருத்துவம் படிக்கத் தூண்டிய மூன்று பெண்களும், 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமும் அங்கே குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அதிகம் பேசப்படாதது, அவர் 1918-இல் பெண்களுக்கென்று தொடங்கிய மருத்துவப் பள்ளிக்குப் பணம் வந்த வழி. அந்தப் பள்ளியும் சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியும் உள்ளிட்ட, ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக, அமெரிக்காவின் பல திருச்சபைகளைச் சேர்ந்த மகளிர் சங்கங்கள், தமக்குள் இருந்த பிரிவுகளை ஒதுக்கிவைத்து ஒன்றாக நிதி திரட்டின. பெண்கள் 20 லட்சம் டாலர் சேர்த்துக் காட்டினால் தாங்கள் 10 லட்சம் தருவதாக ராக்ஃபெல்லர் குடும்ப நிதியம் நிபந்தனை வைத்தது. லூசி பீபாடி முதலானோர் முன்னின்று அதைச் சேர்த்துக் காட்டினார்கள். வேலூரைக் கண்ணால் பார்த்தே இராத பெண்கள் கொடுத்த பணமும் அதில் சேர்ந்திருக்கிறது. மதம் பரப்பும் எண்ணமும் அவர்களுக்கு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்த குடும்பங்களின் பெண்களுக்கு, எந்த மதத்தவராயினும், அதனால் வைத்தியம் கிடைத்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1917-இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தில் அயர்லாந்துப் பெண்மணியான மார்கரெட் கசின்ஸும் நம் பெண்களும் சேர்ந்து உழைத்ததில், பெண்களுக்கு வாக்குரிமை கேட்கும் குரல் அதே ஆண்டில் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகு வரை போய்ச் சேர்ந்தது. ஆகவே நாடு கடந்த பெண்களின் நட்பு வெறும் தேநீர் விருந்து என்று தள்ளிவிட முடியாது.

இனி உங்கள் பக்கத்து நியாயம். சேலை கட்டிவிட்டு, மல்லிகை சூட்டி, படம் எடுத்து அனுப்பிவைக்கிற இடத்தில் அந்த மாணவி நம்மைப் பற்றித் தெரிந்துகொள்கிறாள். அவளுடைய ஊரில் என்ன பண்டிகை, அவள் அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்க நமக்கு நேரம் இருப்பதில்லை. இது ஒருவழிப் பாதை. அதைவிடப் பெரிய குறை, நாமே பொறுக்கியெடுத்த அயலாரோடு மட்டும் நட்பு கொள்வது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரிலுள்ள சந்துகளில் வங்க எழுத்தில் பெயர்ப்பலகை மாட்டிய விடுதிகளைப் பார்த்திருப்பீர்கள். அறையோடு அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குத் தருகிறார்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நோயாளியைக் கூட்டிவந்த பெண், வாரக்கணக்கில் அங்கே சமைத்துக்கொண்டு, கையில் மருந்துச் சீட்டோடு யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறாள். காய்கறி விற்கிறவர் பிழைப்புக்காக நாலு வார்த்தை வங்காளம் கற்றுவைத்திருக்கிறார். உலக நட்புக்கென்றே கூடும் சங்கத்தார் எத்தனை வார்த்தை கற்றிருக்கிறார்கள் என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

சங்கத்தை மூடச் சொல்லிச் சண்டை போடுவதைவிட நீங்களும் அதில் உறுப்பினராகிவிடுவது நல்லது என்பேன். வாரத்தில் ஒரு மாலை, வங்காளம் தெரிந்த கல்லூரி மாணவிகள் இரண்டு பேரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, விடுதிச் சந்தில் உட்கார்ந்து அந்தப் பெண்களுக்கு விவரம் சொல்லலாம். அதற்கு மேடையோ சிறப்பு விருந்தினரோ தேவையில்லை. மேல்மொணவூர் மறுவாழ்வு முகாமில் வாழும் இலங்கைத் தமிழ்ப் பெண்களோ நம் மொழியையே பேசுகிறவர்கள். ஆண்டு விழா மேடையில் தையல் இயந்திரம் வாங்கிக்கொள்ள மட்டும் அவர்களைக் கூப்பிடாமல், உறுப்பினர்களாகச் சேர்க்கும்படி அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவாருங்கள். சந்தா விஷயத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.