சங்கத்தின் திட்டங்கள் உறுப்பினர்களுக்கு உண்மையிலேயே பயன்படுகின்றனவா என்பதை எப்படி மதிப்பிடுவது?

நீங்கள் செயற்குழுவில் இருக்கும் தொழில்முறைச் சங்கம் பல திட்டங்களை நடத்தியும், உறுப்பினர்கள் ஆண்டுதோறும் விலகிக்கொண்டே இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதே நிலையிலிருந்த ஒரு சங்கத்தில் திட்டங்களை மதிப்பிடும் பொறுப்பை இரண்டு ஆண்டுகள் ஏற்றிருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் வருகைப் பதிவேட்டை வேறு விதமாகப் படியுங்கள். எங்கள் மாதாந்தரப் பயிலரங்கில் ஒருமுறைகூட இருக்கைகள் காலியாக இருந்ததில்லை; ஆண்டறிக்கையிலும் அதைப் பெருமையாகவே எழுதிவந்தோம். ஒருநாள் பன்னிரண்டு மாதப் பதிவேடுகளையும் மேசையில் வரிசையாக விரித்து வைத்தபோது, பக்கத்துக்குப் பக்கம் அதே கையெழுத்துகள், ஏறத்தாழ அதே வரிசையில் இருந்தன. ஒரே ஆளைப் பன்னிரண்டு முறை எண்ணிவிட்டு அதை வளர்ச்சி என்று நம்பியிருந்தோம். ஆகவே, மொத்த வருகையை விட்டுவிட்டு, சந்தா கட்டியவர்களில் எத்தனை பேர் ஓராண்டில் ஏதேனும் ஒரு திட்டத்தையாவது பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள்.

அடுத்து, இந்தத் திட்டம் இல்லாதிருந்தால் அந்த உறுப்பினர் என்ன செய்திருப்பார் என்று கேளுங்கள். 1947இல் தொடங்கப்பட்ட ஏசிஎம் என்ற கணினியியல் சங்கம், 1951 முதல் 2000 வரை தான் வெளியிட்ட கட்டுரைகளை 2022இல் அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. துறைக்கு அது பெரும் நன்மை. ஆனால் அந்தக் கட்டுரைகளுக்காக மட்டும் இனி யாரும் சந்தா கட்ட வேண்டியதில்லை. உங்கள் சலுகைப் பட்டியலிலும் வெளியே எளிதாகக் கிடைக்கத் தொடங்கிவிட்டவை சில இருக்கும்.

பொருளியலாளர் மான்கர் ஓல்சன் 1965இல் விளக்கியதும் இதையொட்டியதே: சங்கம் போராடிப் பெறும் பொது நன்மை உறுப்பினர் அல்லாதவரையும் சென்றடைவதால், சேர்ந்தவருக்கு மட்டுமே கிடைக்கும் பயன் ஒன்று தனியாக இருந்தாக வேண்டும். அந்தப் பயன் உறுப்பினர்கள் உண்மையில் உணர்ந்த குறையிலிருந்து பிறக்க வேண்டும் என்பது என் கருத்து. அமெரிக்காவில் எத்தல் பெர்சி ஆண்ட்ரஸ் 1947இல் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கியபோது, முதியவர்களுக்கு மருத்துவக் காப்பீடு தர நிறுவனங்கள் தயங்கின. பல நிறுவனங்களை அணுகி, 1950களின் நடுப்பகுதியில் குழுக் காப்பீட்டை அவர் பெற்றுத் தந்தார். ஆசிரியர் அல்லாத முதியவர்களும் அதைக் கேட்டு வந்ததன் விளைவாகவே 1958இல் ஏஏஆர்பி என்ற பெரிய அமைப்பு உருவானது.

உறுப்பினர் புதுப்பித்தல் விகிதத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். சிலருக்கு அலுவலகமே சந்தா கட்டுகிறது, சிலருக்கு அது பழக்கம். சேர்ந்த முதல் ஆண்டின் முடிவில் எத்தனை பேர் தொடர்கிறார்கள் என்பதைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால், திட்டங்களின் நிலை ஓரளவு தெளிவாகத் தெரியும்.

எனக்கு உண்மையைக் காட்டியது ஒரு தொலைபேசி உரையாடல். விலகிய ஓர் இளம் உறுப்பினரை அழைத்துப் பேசினேன். எங்கள் வழிகாட்டித் திட்டத்தில் அவர் பெயர் கொடுத்திருந்தார். மூத்தவர் ஒருவரின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் அவருக்கு வந்தன. இரண்டு முறை எழுதியும் பதில் வரவில்லை. “அடுத்ததாகச் சங்கத்திலிருந்து வந்தது, சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்தான், ஐயா” என்றார். எங்கள் கோப்பில் அவர் பெயருக்கு எதிரே ‘இணைக்கப்பட்டது’ என்று எழுதி, வெற்றியாகக் கணக்கில் சேர்த்திருந்தோம். அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் தீரவில்லை. அதன் பிறகு, இருவரும் இரண்டாம் முறை சந்தித்துப் பேசியதை உறுதிசெய்த பின்னரே ஒரு இணையைக் கணக்கில் சேர்த்தோம். எண்ணிக்கை பெரிதும் குறைந்தது, ஆனால் பதில் தராத மூத்தவர்கள் யார் என்பது முதன்முறையாகத் தெரிந்தது.

கருத்துக்கணிப்பில் ‘திருப்தியா?’ என்று கேட்டால் பெரும்பாலோர் மரியாதைக்காக ஆம் என்றே எழுதுவார்கள். ‘சங்கத்திலிருந்து பெற்ற எதை, உங்கள் வேலையில் கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள்?’ என்று கேளுங்கள். அந்த இடம் காலியாகத் திரும்பி வந்தால் அதுவும் பதில்தான்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. துயர் நிதி, சட்ட ஆலோசனை போன்றவற்றை மிகச் சிலரே நாடுவார்கள். எண்ணிக்கையைக் காட்டி அவற்றை மூடிவிடக் கூடாது. பயன்படுத்தாதவருக்கும் அவை ஒரு பாதுகாப்பு. அங்கே கேட்க வேண்டியது, கேட்டவருக்கு உதவி எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது, அப்படியொரு உதவி இருப்பது எல்லா உறுப்பினர்களுக்கும் தெரியுமா என்பவற்றை மட்டுமே.

இவற்றில் எதை முதலில் செய்வது என்று கேட்டால், கடந்த ஆண்டில் விலகியவர்களில் பத்துப் பேரை நீங்களே அழைத்துப் பேசுங்கள். திரும்பச் சேரும்படி வற்புறுத்தாதீர்கள். நேரமில்லை என்றுதான் முதலில் சொல்வார்கள். கடைசியாகச் சங்கத்திடம் எதற்காக வந்தார்கள், அப்போது என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிச் செயற்குழுக் கூட்டத்தில் படியுங்கள்.