தாய்வீடு இல்லாத பிரசவம்: யாரை, எதற்கு அழைப்பது?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 29. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. முதல் குழந்தை, இப்போது 24 வாரம். அம்மா இரண்டு வருடத்துக்கு முன் தவறிவிட்டார். அதன்பிறகு தூக்கம் போய், எதிலும் பிடிப்பில்லாமல் போய், மனநல மருத்துவரிடம் எட்டு மாதம் மாத்திரை எடுத்தேன். இது கணவருக்கு மட்டும்தான் தெரியும்.

வளைகாப்புப் பேச்சு தொடங்கியதிலிருந்து எல்லோரும் 'பிரசவம் எங்கே, யார் பார்த்துக்குவா?' என்றே கேட்கிறார்கள். என் மாமியார் திண்டுக்கல் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். 'இங்கே வந்துடு கண்ணு, நான் பார்த்துக்கறேன்' என்கிறார். அன்பாகத்தான் கூப்பிடுகிறார். ஆனால் அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம். அவருக்கும் சர்க்கரை, முழங்கால் வலி. இங்கே வந்தாலும் மாடுகளை விட்டுவிட்டு 15 நாளுக்கு மேல் தங்க முடியாது. பொள்ளாச்சியில் இருக்கும் சித்தி தன் பேத்தியைப் பார்த்துக்கொள்கிறார். அப்பா உடுமலையில் தனியாக இருக்கிறார். 66 வயது, நல்ல தெம்பு. கணவருக்கு மொத்தம் 15 நாள் லீவு. மாடிவீட்டு அக்கா நன்றாகப் பழகுவார்.

யாரிடமும் வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அம்மா இருந்திருந்தால் கேட்கவே வேண்டியிருக்காதே என்று நினைத்தாலே அழுகை வருகிறது. பிள்ளை பிறந்ததும் அந்தப் பழைய நிலை திரும்பிவிடுமோ என்ற பயம் வேறு.

கோவை வாசகி

அன்புச் சகோதரி,

கர்ப்ப காலத்தில் அம்மாவின் இழப்பு மறுபடி கனக்கத்தான் செய்யும். அந்த அழுகையை அடக்க வேண்டாம். ஆனால் அம்மாவின் இடத்தில் வந்து நிற்க ஒரே ஆளைத் தேடாதீர்கள். யார் அப்படி வந்தாலும் பத்து நாளில் களைத்துவிடுவார்கள், மனத்தாங்கலும் வரும். அம்மா செய்திருக்கக்கூடிய வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு நேரம் என்று எழுதுங்கள். உங்கள் கடிதத்திலேயே ஐந்து பேர் இருக்கிறார்கள்.

உங்கள் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். மற்ற ஏற்பாடுகளெல்லாம் அதை ஒட்டித்தான் அமைய வேண்டும். முன்பு மனச்சோர்வு வந்தவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் அது திரும்பும் வாய்ப்பு அதிகம். அதற்காகக் கட்டாயம் வரும் என்று இல்லை. அடுத்த செக்கப்பிலேயே உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். முன்பு பார்த்த மனநல மருத்துவரையும் 32 வாரத்துக்குள் ஒருமுறை பாருங்கள். கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன; வேண்டுமா, எது என்பதை அவர் முடிவு செய்யட்டும். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மாத்திரையை நீங்களாகத் தொடங்காதீர்கள்.

பிரசவத்தை ஒட்டிய மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் கொண்ட படிவம் தமிழிலும் உண்டு. கடந்த 7 நாள் மனநிலையைக் கேட்கும், மொத்தம் 30 மதிப்பெண். இப்போது ஒருமுறை, 36 வாரத்தில் ஒருமுறை, பிரசவமாகி 2, 6 வாரங்களில் ஒருமுறை நிரப்புங்கள். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணத்தைக் கேட்கும் பத்தாவது கேள்விக்குப் பூஜ்யத்தைத் தவிர எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும்.

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பால் சுரந்து மார்பு கனக்கும். காரணமில்லாமல் அழுகையும் வரும். இது பெரும்பாலோருக்கு வந்து இரண்டு வாரத்துக்குள் போய்விடும். அதைத் தாண்டியும் நீடித்தால், குழந்தை தூங்கும்போதுகூட உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், குழந்தைமேல் ஒட்டுதலே வராவிட்டால், அது வேறு. இதைச் சோர்ந்திருப்பவரே கண்டுபிடிப்பது கடினம். ஆகவே கவனிக்கும் பொறுப்பு கணவருக்கு. எந்த அறிகுறிக்கு யாருக்குப் போன் செய்வது என்று இப்போதே அவர் கையால் எழுதி வைக்கட்டும். அரிதாக, இரண்டு இரவு தூங்காமலேயே பரபரப்பாக இருப்பது, சம்பந்தமில்லாத பேச்சு, வீட்டாரையே சந்தேகப்படுவது, காதில் குரல் கேட்பது என்று தொடங்கலாம். அது அவசர நிலை. தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; மந்திரிக்கப் போய் ஒரு நாளைக்கூட இழக்கக் கூடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

பிரசவம் கோவையிலேயே இருக்கட்டும். உங்கள் மருத்துவர், கணவர், பச்சிளங்குழந்தைத் தீவிரசிகிச்சை எல்லாம் பக்கத்தில் இருப்பது பெரிய பலம். உங்கள் அத்தையின் அழைப்பை மறுக்க வேண்டாம். 'நாங்க வர்றதுக்குப் பதிலா நீங்க வாங்க அத்தை' என்று தேதி சொல்லிக் கேளுங்கள்.

பிரசவ அறைக்கு ஒருவரைத் துணையாக வைத்துக்கொள்வது வெறும் ஆறுதலுக்கு இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 26 ஆய்வுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்தது. விடாமல் துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடியது, வலி நேரம் சற்றுக் குறைந்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணை ஏற்பாடு பல ஆண்டுகளாக இருக்கிறது. தனியாரில் இடத்துக்கு இடம் மாறும். 32 வாரத்துக்குள் மருத்துவரிடமும் லேபர் வார்டு நர்ஸிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: யார் உள்ளே வரலாம், இரவில் வலி வந்தாலும் அனுமதி உண்டா, மருத்துவர் ஊரில் இல்லாவிட்டால் யார் பார்ப்பார்? மருத்துவர் சரி என்று சொல்லியும் இரவுப் பணி நர்ஸ் வாசலிலேயே நிறுத்துவது அடிக்கடி நடக்கும். அதனால் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

முதல் பிரசவ வலி 12 மணி நேரத்துக்கு மேலும் நீளலாம். எனவே சித்தியும் கணவரும் மாறி மாறி இருக்கட்டும். செய்ய வேண்டியவை எளியவை: வலி எழும்போது உள்ளங்கையால் இடுப்பின் அடிப்பகுதியை அழுத்திப் பிடிப்பது, இரண்டு மணிக்கொருமுறை சிறுநீர் கழிக்க நினைவூட்டுவது, மருத்துவர் அனுமதித்தால் மடக்கு மடக்காகத் தண்ணீர் தருவது, நடக்கவும் பக்கவாட்டில் படுக்கவும் உதவுவது. 'கத்தாதே, எல்லாரும் பெத்தவங்கதான்' என்று அதட்டுபவரும் போனிலேயே இருப்பவரும் துணைக்கு ஆகமாட்டார்கள். சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்வது அப்பா பொறுப்பு. உங்கள் போனும் அவரிடமே இருக்கட்டும்.

அப்பாவை 37 வாரத்திலேயே வரச் சொல்லுங்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக் கோப்பு, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் எண்), காப்பீட்டு அட்டை, கடைக்குப் போவது, 21 நாளுக்குள் பிறப்புப் பதிவு என்று அவருக்கு முழுநேர வேலை இருக்கிறது. தனியார் மருத்துவமனையில் காட்டினாலும் பிக்மி எண் தேவை. இன்னும் வாங்காவிட்டால் உங்கள் பகுதி சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

வீட்டில் நாம் மறந்துவிடும் வேலை, இரவு. பகலில் குழந்தையைத் தூக்க நான்கு பேர் இருப்பார்கள், இரவில் பச்சை உடம்புக்காரி மட்டும் விழித்திருப்பாள். தூக்கமின்மை மனச்சோர்வை வரவழைக்கும் முக்கியக் காரணங்களுள் ஒன்று. உங்களைப் பொறுத்தவரை இரவுத் துணை மருந்துக்குச் சமம். பாலூட்டுவது மட்டும் உங்கள் வேலை. குழந்தையைக் கொண்டுவருவது, ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, தூங்கவைப்பது எல்லாம் இரவு 10 முதல் 2 வரை ஒருவர், 2 முதல் 6 வரை இன்னொருவர். தாய்ப்பால் நன்றாகச் சுரந்து நிலைப்பட்ட பிறகு, ஒரு வேளைப் பாலைப் பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்துப் பாலாடையில் கொடுத்தால் நீங்கள் நான்கைந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கலாம்.

15 நாள் லீவையும் கணவர் ஒரே மூச்சில் எடுத்துவிட வேண்டாம். பிறந்ததும் 7 நாள், அத்தை ஊருக்குப் போன மறுநாளிலிருந்து 4 நாள், ஆறாவது வாரத்தில் 4 நாள். குழந்தையின் அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் உச்சத்துக்குப் போகும். அதற்குள் வந்தவர்களெல்லாம் கிளம்பியிருப்பார்கள். அந்த இடைவெளியில்தான் பலர் உடைகிறார்கள். மாடிவீட்டு அக்காவிடம் வாரம் இரண்டு மதியம் ஒரு மணி நேரம் கேளுங்கள், நீங்கள் குளித்துச் சாப்பிட. ஒரு சாவியும் அவரிடம் இருக்கட்டும். குழந்தையைக் குளிப்பாட்டக் கூலிக்கு வரும் பெண்ணை 34 வாரத்துக்குள் பேசி வையுங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது, மூக்கை ஊதக் கூடாது, சாம்பிராணிப் புகை காட்டக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கூலி பேசுங்கள்.

அத்தைக்குச் சமையலறை. பூண்டுக் குழம்பும் பத்தியச் சமையலும் அவருக்குக் கைவந்தவை. மோதல் வருவது தண்ணீரைக் குறைக்கச் சொல்வதிலும், குழந்தைக்குத் தேன், சர்க்கரைத் தண்ணீர், வசம்பு வைப்பதிலும்தான். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வந்து தையல் வலிக்கும். ஒரு வயதுவரை குழந்தைக்குத் தேன் ஆபத்து. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே போதும். இதை மருமகள் சொன்னால் மரியாதைக் குறைவாகப் படும். 36 வார செக்கப்புக்குக் கணவர் தன் அம்மாவை அழைத்து வந்து, மருத்துவர் வாயாலேயே கேட்கவைக்கட்டும். பழைய நோயை அத்தையிடம் சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். 'ராத்திரி தூக்கம் டாக்டர் உத்தரவு' என்பது போதும். சித்தியிடம் மட்டும் முழுதாகச் சொல்லிவிடுங்கள். வீட்டில் ஒரு பெண்ணாவது அறிந்திருப்பது நல்லது.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்: ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுதாக நனைவது, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், கடுமையான தலைவலி, கண் மங்கல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத்திணறல். எது வந்தாலும் 108, இல்லையென்றால் நேராக மருத்துவமனை. ரத்த அழுத்தம் பிரசவமாகி ஆறு வாரம்வரை ஏறக்கூடும் என்பதால் இந்தத் தாள் 42 நாளும் அங்கேயே இருக்கட்டும்.

கூச்சம் வருவதே 'உதவி பண்ணுங்க' என்று பொதுவாகக் கேட்கும்போதுதான். அப்படிக் கேட்டால் எதிரில் இருப்பவருக்கும் எவ்வளவு என்று தெரியாது, தயங்குவார். இந்த வாரம் சித்தியிடம் இப்படிக் கேளுங்கள்: 'சித்தி, வலி வந்ததும் ஆஸ்பத்திரிக்கு என்கூட வரணும். அப்புறம் அத்தை ஊருக்குப் போனதும் பத்து நாள், ராத்திரிக்கு மட்டும். பேத்தியையும் கூட்டிட்டு வாங்க, பகல்ல அப்பா பார்த்துக்குவாரு. முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்.' அவர் முடியாது என்றால் அந்தப் பத்து இரவுக்கு ஒரு செவிலியை ஏற்பாடு செய்ய உங்களுக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது.